தகவலாளி எண் 14

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தேங்காய் விற்கிறவர்களைவிட, தேங்காய் விற்கிறவர்களை ஆய்வு செய்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நம்பாதவர்கள் காலை பத்து மணிக்கு மேல் கடைத்தெருவுக்கு வாருங்கள். பலகையில் லெபோ பாசார் என்று போட்டிருக்கும்; வயசாளிகளுக்கு மார்க்கெட் ஸ்திரீட். அங்கே தொடங்கி லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங்கு என்று பொடிநடையாக ஒரு சுற்று வாருங்கள். கழுத்தில் அட்டையும் நெஞ்சோடு அணைத்த படிவக் கட்டுமாக, ‘அஞ்சே நிமிஷம்தான் அங்கள்’ என்று கெஞ்சிக்கொண்டு ஒரு பிள்ளையும் உங்களை மறிக்கவில்லை என்றால், அன்று பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை என்று அர்த்தம்.

எத்தனை துறை, எத்தனை துறை! அறிவு இவ்வளவு கிளைவிட்ட சமாச்சாரம் என்று கல்வி அமைச்சுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எங்கள் தெருவுக்குத் தெரியும். கட்டடக்கலைத் துறை வந்து அஞ்சடி நடைபாதையை அளக்கிறது. தூணுக்கும் தூணுக்கும் எத்தனை மில்லிமீட்டர், சுவரில் உப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமெண்டைப் பூசியதால் சுவர் மூச்சு விடாமல் எப்படி நோகிறது, எல்லாம் அதற்குத் தெரியும். அந்தச் சுவருக்குப் பின்னால் படுத்திருக்கும் பாட்டி மூச்சு விடாமல் நோவது அதன் பாடத்திட்டத்தில் இல்லை. மொழியியல் துறை வெங்காய மூட்டைமேல் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கிறது. கடைக்காரர் தமிழில் வரவேற்று, மலாயில் விலை சொல்லி, ஹொக்கியனில் பேரத்தை முடிப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு போகிறது. உணவியல் துறை சாம்பாரில் உப்பையும் நாசி கண்டார் குழம்பில் கொழுப்பையும் எடுத்துப் போகிறது. பாட்டுக்கடை ஒலிபெருக்கி எத்தனை டெசிபல் என்று பொறியியல் துறை பார்க்கிறது. பூக்கட்டும் அம்மாவுக்கு மன அழுத்தம் உண்டா என்று உளவியல் துறை கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்ட நேரத்தில் அவர் இரண்டு முழம் கட்டியிருப்பார். மேலாண்மைத் துறை சேலைக்கடையில் நின்று வாடிக்கையாளரின் விசுவாசத்தை அளக்கிறது. கணினித் துறை கல்லாப்பெட்டியில் ஒரு கியூஆர் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போகிறது. மூன்று மாதத்தில் அது எங்கேயும் திறக்காது. மானுடவியல் துறை வருஷத்துக்கு ஒரு தடவை, தைப்பூசத்துக்கு வரும். பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது கூட்டத்தில் யார் கண் கலங்குகிறது என்று குறித்துக்கொள்ளும். சுற்றுலாத் துறைக்கு வருஷம், மாதம் என்றெல்லாம் கிடையாது. அது இங்கேயே குடியிருக்கிறது.

ஒரே ஒரு துறையை மட்டும் நான் வாழ்த்துவேன். மருத்துவத் துறைப் பிள்ளைகள் ரத்தம் எடுத்தால் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மற்ற துறைகளும் ரத்தம்தான் எடுக்கின்றன.

எங்கள் பாட்டன்மார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, பேர் கொடுத்து, நிரைக்குப் போய், பட்டையைச் சீவி, மங்குக் கிண்ணத்தை மாட்டி, வடிந்ததை வாளியில் கொண்டுவந்து கிராணியிடம் எடை போட்டார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இப்போது நாங்களே மரம். துறைக்கு ஒரு கத்தி, கத்திக்கு ஒரு மங்கு. வருகிறவர் எல்லாம் நோகாமல்தான் சீவுகிறார்கள், சிரித்துக்கொண்டே. மரத்திடம் ஒப்புதல் படிவம் வேறு வாங்குகிறார்கள்.

அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இருக்கும், மலாயில் இருக்கும். தமிழர்களைப் பற்றிய ஆய்வு, தமிழ்த் தெருவில் ஆய்வு, தமிழில் பேசுவதைப் பதிவு செய்யும் ஆய்வு. தமிழில் ஒரு வரி இருக்காது. ‘உங்கள் அடையாளம் காக்கப்படும், கட்டுரையில் உங்கள் பெயர் வராது’ என்று பெரிய மனசோடு உறுதி தருவார்கள். முப்பது வருஷம் ஒரே இடத்தில் கடை வைத்து, தெரு முழுக்கப் பேர் வாங்கிய மனுஷர், கட்டுரையில் ‘தகவலாளி எண் 14, ஆண், 61 வயது, இடைநிலைக் கல்வி’ ஆகிவிடுவார். பேராசிரியர் பேர் மட்டும் முழுசாக, பட்டத்தோடு, மின்னஞ்சலோடு இருக்கும். காக்க வேண்டிய அடையாளம் எது, பரப்ப வேண்டிய அடையாளம் எது என்பதை நெறிமுறைக் குழு நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறது.

பிறகு கேள்விகள். ‘வாடகை உயர்வு உங்கள் வாழ்க்கைத் திருப்தியைப் பாதிக்கிறது: 1 என்றால் சற்றும் உடன்படவில்லை, 5 என்றால் முழுமையாக உடன்படுகிறேன்.’ வீட்டுக்காரரின் வக்கீல் நோட்டீசைக் கல்லாவுக்குள் வைத்திருந்த ஒரு கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, ‘தம்பி, ஆறு போட எடம் இல்லையாலா?’ என்றார். பிள்ளை திகைத்துப்போய், ‘அஞ்சு வரைக்கும்தான் அங்கள், மென்பொருள் எடுக்காது’ என்றது. மனுஷரின் மொத்த வயிற்றெரிச்சலும் ஐந்துக்குள் அடங்கி, மற்ற நூறு பேருடைய வயிற்றெரிச்சலோடு கூட்டி வகுக்கப்பட்டு, சராசரி மூன்று சொச்சமாகப் போய்ச் சேர்ந்தது. மூன்று சொச்சம் என்றால் ‘மிதமான அதிருப்தி’. மிதமான அதிருப்திக்காக எந்த அரசாங்கம் தூக்கம் கெடும்?

பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. அதுவும் இன்னொரு நிரையில் நிற்கிற கூலிதான். மேற்பார்வையாளருக்கு இத்தனை கட்டுரை, துறைக்கு இத்தனை முதுகலைப் பட்டம், பல்கலைக்கழகத்துக்கு இத்தனை மேற்கோள் என்று மேலிருந்து இறங்குகிற கணக்கின் கடைசிப் படியில், வெயிலில், தண்ணீர்ப் புட்டியோடு நிற்கிறது. படிவத்தை நிரப்புவது அது. கட்டுரையின் தலையில் யார் யார் பேர் எந்த வரிசையில் வரும் என்பதைத் தீர்மானிப்பது குளிரூட்டிய அறை. தோட்டத்தில் இதற்குக் கங்காணி என்று பேர் இருந்தது. அவர் குறைந்தபட்சம் நிரைக்கு வருவார்.

வடிந்த பால் எங்கே போகிறது? அந்தக் காலத்தில் லண்டனுக்குப் போனது. இப்போது ஆம்ஸ்டர்டாமுக்கு. எல்செவியர் என்கிற பதிப்பகம் அங்கேதான் இருக்கிறது. கட்டுரை எழுதியவருக்குப் பதிப்பகம் காசு தராது. அதைப் படித்துச் சரிபார்க்கும் இன்னொரு பேராசிரியருக்கும் தராது. இரண்டு பேருக்கும் சம்பளம் பொதுப்பணத்திலிருந்து வருகிறது. அந்தப் பொதுப்பணத்தில் கடைத்தெருக்காரர் கட்டுகிற வரியும் சேர்த்தி. அச்சான கட்டுரையைப் படிக்கப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்ட வேண்டும். அதுவும் அதே பணம். கடைக்காரருக்கே தன்னைப் பற்றிய கட்டுரையைப் படிக்க ஆசை வந்துவிட்டால், இத்தகைய சஞ்சிகைகளில் ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது அமெரிக்க டாலர் கேட்பார்கள். நூறு மலேசிய வெள்ளிக்கு மேல். தன் வாயிலிருந்து போன சொல்லைத் திருப்பி வாங்க நூறு வெள்ளி. பதிப்பகத்தின் தாய்க் கம்பெனி அறிவியல் பதிப்பில் வருஷா வருஷம் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் லாபம் காட்டுகிறது. கடைத்தெருவில் எந்தப் பலசரக்குக் கடையாவது அந்த லாபத்தைக் கனவில் கண்டிருக்கிறதா?

கதை அதோடு முடியவில்லை. எல்செவியர் 2004-இல் ஸ்கோபஸ் என்று ஒரு தரவுத்தளம் தொடங்கியது. யார் எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார் என்கிற கணக்கு அதில் இருக்கும். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூஎஸ், டைம்ஸ் உயர்கல்வி ஆகிய இரண்டுமே மேற்கோள் கணக்கை ஸ்கோபஸிடம்தான் எடுக்கின்றன. ஆக, கட்டுரையை விற்பவரும் அவரே, எண்ணுபவரும் அவரே, எண்ணிய எண்ணிக்கையை விற்பவரும் அவரே. பழைய காலத்து வெள்ளைக்காரத் துரைக்குக்கூட இவ்வளவு மூளை கிடையாது. பால் எடை போட அவர் ஒரு கிராணிக்குச் சம்பளம் கொடுத்தார்.

இந்த வரிசையில் இரண்டு இடம் முன்னேறினால் பத்திரிகையில் முழுப்பக்கம் வாழ்த்து விளம்பரம். ‘ஆய்வுப் பல்கலைக்கழகம்’ என்ற தகுதியை அரசாங்கம் 2006-இல் நான்கு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. அவற்றில் ஒன்று எங்கள் தீவில், குளுகோரில் இருக்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. பழைய மிண்டன் ராணுவ முகாமில் மரமும் நிழலுமாக அழகான வளாகம். 2008-இல் அதற்கு ‘ஏபெக்ஸ்’ என்ற உச்சத் தகுதியும் வந்தது. அடித்தட்டிலுள்ள நூறு கோடி மக்களுக்காக உழைப்பதே எங்கள் இலட்சியம் என்று அப்போது அறிவித்தார்கள். நல்ல இலட்சியம், அதில் நான் குறை காண மாட்டேன். நூறு கோடியில் சில நூறு பேர் வளாகத்திலிருந்து எட்டுப் பத்துக் கிலோமீட்டரில், பேருந்து போகிற தூரத்தில் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அதே 2008, ஜூலை 7. எங்கள் தெரு இருக்கிற ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. காரணம் வெறும் கட்டடம் இல்லை. பல இனமும் பல சமயமும் இன்னமும் இங்கே உயிரோடு வாழ்கிற சாட்சியம் என்று யுனெஸ்கோவே எழுதியிருக்கிறது. 1801-இல் காதர் மொகிதீன் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியாத் தெருவின் நாகூர் தர்கா, குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில், சீனர் கோவில், மாதாகோவில், எல்லாம் கூப்பிடு தூரத்தில். சாட்சியத்துக்குச் சான்றிதழ் வந்தது. சாட்சிகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் கிளம்பினார்கள் என்பது ரகசியம் இல்லை. 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி இறுதிக்கு முன்னால் கட்டிய வீடுகளின் வாடகையைப் பிடித்து வைத்திருந்தது. 1997-இல் அதை நீக்க இன்னொரு சட்டம் நிறைவேறியது. 2000 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிடி விட்டது. உலகம் புது ஆயிரத்தாண்டுக்கு வாணவேடிக்கை விட்ட ராத்திரியில் பழைய ஜார்ஜ் டவுனின் வாடகைக் குடித்தனங்களுக்கும் ஒரு வேட்டு. வாடகை எகிறியது, தலைமுறை தலைமுறையாக இருந்த தையல்காரரும் சலவைக்காரரும் ஒட்டுக்கடைக்காரரும் மூட்டை கட்டினார்கள். காலியான கடைவீடுகளில் பலவற்றுக்கு யார் குடிவந்தார்கள் தெரியுமா? உழவாரக் குருவிகள். எச்சிலால் கூடு கட்டும் குருவி. அந்தக் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்கச் சீனச் சந்தையில் நல்ல விலை. ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, மரபுடைமை வீட்டுக்குள் குருவி வளர்த்தார்கள். மரபுடைமைப் பகுதியிலிருந்து குருவிப் பண்ணைகளை அகற்ற மாநில அரசு 2013 இறுதிவரை கெடு கொடுத்தது. குருவிக்குக் கெடு கொடுத்தார்கள், அவகாசம் கொடுத்தார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள். மனுஷருக்குக் கிடைத்தது ஒரு நோட்டீசு.

இதையெல்லாம் பல்கலைக்கழகமும் ஆய்வு நிறுவனங்களும் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். எண்ணினார்கள். நுணுக்கமாகவே எண்ணினார்கள். மரபுடைமைப் பகுதியில் 2009-இல் பத்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்த குடியிருப்போர் தொகை 2013-இல் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கியது என்று அறிக்கை வந்தது. அறிக்கை வெளியீட்டில் கறிப்பாப் பரிமாறினார்கள். பிறகு அந்த அறிக்கையை மேற்கோள் காட்டி இன்னும் பல அறிக்கைகள் வந்தன. வெளியேறுகிறவரைக் கதவருகில் நிறுத்திக் கணக்கெடுப்பதற்குப் பேர் ஆய்வு. கதவைப் பிடித்து நிறுத்துவதற்குப் பேர் அரசியல். பல்கலைக்கழகம் அரசியலில் தலையிடாது.

2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிக் என்ற ஓவியர் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அருமையான ஓவியம், மறுப்பதற்கில்லை. அதன்முன் படம் எடுத்துக்கொள்ள இன்றும் வரிசை நிற்கிறது. வரிசையில் நிற்பவர் ஏன் நிற்கிறார் என்பதைப் பற்றிச் சுற்றுலாத் துறைக்குத் தீராத ஆர்வம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிஜமாகவே சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு எந்தத் துறையின் மானிய விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.

துறைகள் பலவாக இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை. சுவரின் உப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சாம்பாரின் உப்பைப் பற்றி அதைவிட அவசியமாக. நூறு துறை வந்தும் நூறும் ஒரு வாசலை மட்டும் தட்டாமல் போகிறதே, அதில்தான் எரிகிறது. இந்த வீடுகள் யாருடையவை? எவை குடும்பச் சொத்து, எவை வக்ஃபு, எவை கோவில் அறக்கட்டளை, எவற்றைச் சிங்கப்பூர்க் கம்பெனி வரிசையோடு வாங்கியது? வாடகையை யார் உயர்த்துகிறார், எந்தக் குழுவில் கையெழுத்தாகிறது, அந்தக் குழுவில் இருக்கிற தத்தோ பட்டக்காரர்கள் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தின் வாரியத்தில் இருக்கிறார்கள்? இந்த ஆய்வுக்கு டெசிபல் கருவி வேண்டாம். நில அலுவலகத்தில் தேடல் கட்டணம் கட்டினால் போதும். ஆனால் இதைச் செய்த மறுநாள் மானியம் நிற்கும், மறுவருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஆகவே தகவலாளி 14-இன் விசுவாசத்தை அளப்போம், வாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி 1786 முதல் 1957 வரை சூலியாக்கள் என்கிற தமிழ் முஸ்லிம்கள் எப்படி ஊரைக் கட்டினார்கள், நிலம் எப்படி வந்தது, எப்படிக் கைமாறியது என்று விரிவாகச் சொல்கிற பெரிய புத்தகத்தை 2014-இல் எழுதியவர் கூ சல்மா நசுத்தியோன். பேராசிரியர் அல்ல. பினாங்கிலேயே அரேக்கா புக்ஸ் என்ற பதிப்பகத்தை நடத்துகிற தனி ஆய்வாளர். பினாங்குத் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி இன்னொரு முக்கியமான நூலை எழுதிய ஹெலன் ஃபுஜிமோட்டோவின் ஆய்வு 1988-இல் தோக்கியோவிலிருந்து வெளிவந்தது. எங்கள் பள்ளிவாசல் வரலாறு தோக்கியோவுக்குத் தெரிந்திருக்கிறது. தெருக்கோடி வீட்டுப் பெண்மணிக்குத் தெரிந்திருக்கிறது. நடுவில் இருந்த கல்விமான்கள் அஞ்சடியை அளந்துகொண்டிருந்தார்கள்.

எண் கொடுப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. பாலத்தைக் கடந்து வடக்கே போனால் கெடா, பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழனின் படை 1025-இல் வந்த கடாரம். குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1930-களில் அங்கே தோண்டி, கிடைத்த இடங்களுக்கெல்லாம் எண் போட்டார். 1940-இல் அறிக்கை அச்சாயிற்று. பிறகு வந்தவர்கள் அந்த எண்களை மேற்கோள் காட்டினார்கள். அந்த மேற்கோள்களை இன்னும் பலர் மேற்கோள் காட்டினார்கள். சண்டி எண் 11, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கோவில், எத்தனையோ அடிக்குறிப்புகளில் பத்திரமாக இருந்தது. 2013 டிசம்பரில் போய்ப் பார்த்தவர்களுக்கு வெறும் மண் இருந்தது. வீட்டுமனைக் கம்பெனி இயந்திரத்தை விட்டுத் தள்ளியிருந்தது. தனியார் நிலம், மரபுச் சின்னமாக அரசிதழில் பதியப்படவில்லை என்றார்கள். எழுபது வருஷ ஆய்வில் ஒருவருக்கும் அந்த ஒரு தாளைப் பதிய நேரம் இல்லை. எண் 11-க்கே இந்தக் கதி. எண் 14 கொஞ்சம் யோசிக்கட்டும்.

அன்றைக்கு எங்கள் ஆள்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். முகநூலில் சோழப் படையே இறங்கியது. கடாரத்தை இடித்துவிட்டார்களே என்று கொதித்தவர்களில் சிலர், கடைத்தெருவில் தங்கள் கடைவீட்டுக்கு வாடகை ஏற்றியிருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழனுக்காகக் கண்ணீர் விடுவது சுகம். அவன் வாடகை பாக்கி வைக்க மாட்டான்.

தமிழ்த் துறைகளை விட்டுவிட்டேன் என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். மற்ற துறைகளாவது தெருவுக்கு வருகின்றன. இவை மேடையை விட்டு இறங்குவதில்லை. ‘சங்க இலக்கியத்தில் யானை’ முடிந்தால் ‘சங்க இலக்கியத்தில் பானை’. பானை முடிந்தால் பூனை. பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ், பொன்னாடை, மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு, கட்டுரை மாநாட்டு மலரில். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கமாக ஆவதற்கு ஒரு மலேசியர் போதும். அவர் என்ன பேசினாலும் சரி, கடப்பிதழைக் காட்டினால் போதும். பதிலுக்கு இங்கே மாநாடு நடந்தால் ஒரு விமானம் நிறைய வருவார்கள். காலை அமர்வில் தமிழன்னைக்கு வணக்கம். பிற்பகல் அமர்வில் நாற்காலிகள் மட்டும் இருக்கும். பேராளர்கள் கோடாலித் தைலம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எழுதுகிற சஞ்சிகைகளின் லட்சணத்துக்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு தானே ஏற்றுக்கொண்டு வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே வீச்சில் 4,305 சஞ்சிகைகளை நீக்கியது. அதற்கு முந்தின மாதம்வரை அந்த 4,305-இல் எழுதிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் யாரும் பதவியைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்படவில்லை.

எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது என்றிருந்த 1950-களில், அங்கே வடமொழிக்கு முதலிடம் தரலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி பரிந்துரைத்தார். தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி எதிர்த்து எழுதினார், கூட்டம் போட்டார், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் வெட்டினவர்கள் கொடுத்தார்கள், மூட்டை தூக்கினவர்கள் கொடுத்தார்கள். தன் பிள்ளை அந்தப் படியை மிதிக்குமா என்று தெரியாதவர்கள், மிதிக்காது என்று நன்றாகவே தெரிந்தவர்கள், ஒரு நாள் கஞ்சியைக் குறைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். 1956-இல் துறை வந்தது, தமிழோடு வந்தது. பின்னாளில் கோலாலம்பூரில் தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைவரானார்; 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை அங்கே கூட்டினார். கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷர் போட்ட ஒரு வெள்ளியில் எழுந்த கல்வி அது. அவர் பேரனைத்தான் இன்றைக்கு எண் 14 என்று எழுதுகிறார்கள். அவனுக்கு ஆய்வு முடிவை அவன் மொழியில் ஒரு பக்கம் எழுதித் தரத் துப்பில்லை.

ஆகவே எங்கள் தெருவும் ஒரு படிவம் அடிக்கப் போகிறது. அஞ்சே நிமிஷம்தான், பேராசிரியர் அவர்களே. பேரை முழுசாக எழுத வேண்டும், எண் செல்லாது. மானியம் எத்தனை வெள்ளி, அதில் விமானச் சீட்டு எவ்வளவு, ஓட்டல் எவ்வளவு, தகவலாளிக்குச் செலவு செய்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். நினைவுப் பரிசாக நீட்டுகிற சாவிக்கொத்தும் பேனாவும் கடைசிக் கணக்கில் சேராது. இதே தெருவில் இதே கேள்வியை இதற்கு முன்னால் கேட்டவர்களின் கட்டுரைகளைப் படித்தீர்களா? படித்தும் கேட்கிறீர்கள் என்றால் காரணம்? ஆய்வின் முடிவு வீட்டுக்காரருக்கோ அரசாங்கத்துக்கோ உங்கள் துணைவேந்தருக்கோ பிடிக்காமல் போனால் வெளியிடுவீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும். உங்களுக்கு வசதியாகப் பூஜ்யமும் வைத்திருக்கிறோம். ஒலிப்பதிவின் ஒரு பிரதி கடையிலேயே இருக்க வேண்டும். பூக்கட்டும் அம்மாவிடம் பேசிய நேரத்துக்கு இரண்டு முழம் கனகாம்பரத்தின் விலையைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆய்வு மாணவர் அல்ல. பேருந்து ஏறி நீங்களே வர வேண்டும், வெயிலுக்குக் குடை எடுத்து வாருங்கள்.

முடிவு வந்ததும் தமிழில், ஒரே பக்கத்தில், கண்ணாடி போடாத கிழவிக்கும் தெரிகிற எழுத்தில் அடித்து, கடைவாசல் தூணில் ஒட்ட வேண்டும். தூணுக்கும் தூணுக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று உங்களுக்கே தெரியும். செல்லோடேப் நாங்கள் தருகிறோம்.